மண் மூடிய சன்னிதியும் கல் சொன்ன கணக்கும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நம் கரையோர மக்களுக்கு இழைத்த துயரத்தை இன்று நினைத்தாலும் நெஞ்சம் பதறுகிறது. அந்த அலைகள் மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள சாளுவன்குப்பத்தில் கரை மணலை அரித்துச் சென்றபோது, ஒரு பாறையில் அதுவரை எவரும் கண்டிராத எழுத்துகள் வெளிப்பட்டன. இந்தியத் தொல்லியல் துறையினர் அவற்றைப் படித்தனர். பத்தாம் நூற்றாண்டில் தொண்டை மண்டலத்தைத் தன் ஆட்சியில் வைத்திருந்த இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்து எழுத்துகள் அவை. நம் கல்வெட்டுகள் அவனைக் கன்னரதேவன் என்று குறிக்கும். திருவீழ்ச்சில் என்னும் ஊரில் சுப்பிரமணியருக்கு ஒரு கோயில் உண்டு என்பது அந்தப் பாறை தந்த செய்தி. ஆனால், சுற்றிலும் பார்த்தால் கோயில் எதுவும் இல்லை. மணல்மேடு ஒன்றுதான் இருந்தது.

அந்த மேட்டை 2005ஆம் ஆண்டு முதல் முறையாக அகழ்ந்தார்கள். உள்ளே பல்லவர் காலத்துக் கருங்கல் கட்டுமானம் தெரிந்தது. அதற்கும் அடியில், பெரிய செங்கற்களால் ஆன, வடக்கு நோக்கிய கருவறை ஒன்று இருந்தது. கல்லால் ஆன வேல் ஒன்றும் கிடைத்தது. செங்கல் கோயில் சங்க காலத்தது என்றும், கடல் பொங்கியதால் அது அழிந்திருக்கலாம் என்றும் அகழ்ந்த அறிஞர்கள் கருதினார்கள். கடலால் மறைந்த முருகனின் சன்னிதியைக் கடலே காட்டிக்கொடுத்தது என்று பக்தர்கள் நெகிழ்வது இயல்பே. எனினும், பாறையில் தெரிந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும், மேட்டைப் பக்குவமாகத் திறக்கத் தெரிந்தவர்களும் அன்று இல்லாதிருந்தால், மணல் மீண்டும் வந்து மூடியிருக்கும்; நமக்கு ஒன்றும் தெரிந்திராது.

அங்குக் கிடைத்த தூண்களிலும் எழுத்துகள் உள்ளன. கார்த்திகை விழாவுக்காக ஒருவர் பொன் அளித்திருக்கிறார். வசந்தனார் என்ற அந்தணப் பெண்மணி விளக்கெரிக்கப் பதினாறு கழஞ்சு பொன் அளித்திருக்கிறார். ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த அம்மையாரின் ஊரும் உறவும் மறைந்து, அவர் ஏற்றிய விளக்கும் அணைந்து, கோயிலே மண்ணுக்குள் போய்விட்டது. பெயர் மட்டும் கல்லில் நின்றது. அதை மீண்டும் உலகறியச் செய்தது தொல்லியல்.

வங்கிப் பணியில் என் காலத்தைக் கழித்தவன் என்பதால், கல்வெட்டுகளைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுண்டு. அவற்றில் பெரும்பாலானவை கணக்குப் பதிவுகள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசு ஊர்ச் சபைகளிடம் முதலாக ஒப்படைக்கப்பட்டதும், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, பொலிசையாகக் கோயிலுக்கு வந்ததும் எழுதப்பட்டுள்ளன. பொலிசை என்றால் வட்டி. நம் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு பூசையும் திருவிழாவும் நடைபெற வேண்டும் என்பது ஏற்பாடு. அதே கோயிலில் ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் இடையர்களிடம் விடப்பட்டன. நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடானவை கழிந்தாலும் குட்டிகளால் எண்ணிக்கை குறையாது என்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். முதல் குறையாத வைப்புநிதிக்கு இதைவிட அழகான பெயரை நான் எந்த வங்கிப் பேரேட்டிலும் கண்டதில்லை.

இவற்றையெல்லாம் நாம் இன்று அறிவது, யாரோ சிலர் வெயிலில் நின்று எழுத்தெழுத்தாகப் படித்ததால்தான். அந்தப் பெரிய கோயிலை எடுப்பித்தவன் இராஜராஜ சோழன் என்பதே ஒரு காலத்தில் மறந்துபோயிருந்தது. தலபுராணம் வேறொரு சோழனின் பெயரைச் சொல்லிவந்தது. 1886ஆம் ஆண்டு அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் அங்குள்ள கல்வெட்டைப் படித்த பிறகே, அது தான் எடுப்பித்த கற்கோயில் என்று அம்மன்னன் தன் வாக்காகவே சொல்லியிருப்பது தெரிந்தது. நாள்தோறும் எத்தனையோ பேர் வலம்வந்த சுவரில்தான் அந்த விடை இருந்தது.

அன்பர்களே, இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பேரன் பேத்திகளில் சிலர், "தொல்லியல் படிக்கப் போகிறேன்" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். கீழடியும் ஆதிச்சநல்லூரும் நாளிதழ்களில் இடம்பெறுவதும் அதற்கு ஒரு காரணம். வீட்டில் முதலில் எழும் கேள்வி, "அதைப் படித்தால் என்ன சம்பளம் வரும்?" என்பது. பேத்தியாக இருந்தால், "பெண்பிள்ளை வெயிலில் குழிக்குள் நிற்பதா?" என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். கணினிப் படிப்பையோ வங்கித் தேர்வையோ காட்டி அந்த ஆசையை அங்கேயே முடித்துவிடுகிறோம்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இத்துறையில் பணியிடங்கள் குறைவு. இளங்கலையோடு நின்றுவிட முடியாது. முதுகலை வேண்டும், அதற்கு மேலும் பயிற்சி வேண்டும். முதல் சில ஆண்டுகள் தற்காலிக வேலையாகவே கழியலாம். பல மாதங்கள் வீட்டைவிட்டு அகழாய்வு முகாமில் தங்க நேரும். செல்வம் சேர்க்க வேண்டும் என்பவர்களுக்கு ஏற்ற வழி இதுவன்று. இவற்றைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சொன்ன பிறகும் அவர்கள் உறுதியாக இருந்தால், வழிகள் இல்லாமல் இல்லை. 1861ஆம் ஆண்டு தோன்றிய இந்தியத் தொல்லியல் துறையும், 1961ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையும் இருக்கின்றன. இரண்டும் பட்டதாரிகளுக்குப் பட்டயப் பயிற்சி அளிக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் துறைகள் உள்ளன. அருங்காட்சியகங்கள் உண்டு. வேதியியல் கற்றவர் செப்புத் திருமேனிகளைக் களிம்பிலிருந்து காக்கிறார். கட்டடப் பொறியியல் கற்றவர் சாயும் கோபுரத்தைத் தாங்க வழி தேடுகிறார். தமிழும் வடமொழியும் கற்றவர் கல்வெட்டைப் படிக்கிறார்.

வேலை எப்படிப்பட்டது என்பதையும் சற்று அறிந்துகொள்வோம். நிலத்தைச் சதுரச் சதுரமாக அளந்து, மண்ணை அடுக்கடுக்காகச் சுரண்டி எடுப்பார்கள். எடுத்த மண்ணைச் சல்லடையில் சலிப்பார்கள். ஓர் ஓடு கிடைத்தாலும் எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில், எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதிவைப்பார்கள். இடம் தெரியாமல் எடுத்த பொருள், தேதியும் பெயரும் இல்லாத செலுத்துச் சீட்டைப் போன்றது. கையில் இருந்தாலும் எதற்கும் சான்றாகாது. கல்வெட்டுக்கோ, கல்லைத் துடைத்து ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்தின் பள்ளங்களில் பதியவைத்து, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். அதற்கு மைப்படி என்று பெயர். இத்தனை பொறுமையையும் ஒழுங்கையும் இருபது வயதில் ஒரு பிள்ளை விரும்பி ஏற்கிறது என்றால், பெரியவர்கள் கவலைப்பட அதில் என்ன இருக்கிறது?

இன்று இப்படிப்பட்டவர்கள் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம், நாமே நடத்தும் திருப்பணிகள். கல்லின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க மணலைப் பீய்ச்சி அடித்ததால் எழுத்துகள் தேய்ந்த கோயில்கள் உண்டு. சுவரில் சுண்ணாம்பும் வண்ணமும் அப்பியதால் மறைந்தவை உண்டு. கல்வெட்டுள்ள கல்லைப் படிக்கட்டில் பதித்த இடங்களும் உண்டு. பக்தியில் குறைவில்லை, பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லை, அவ்வளவே. நம் முன்னோர் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதற்குத் திருக்கோடிகாவல் சான்று. செம்பியன் மாதேவியார் அக்கோயிலைக் கல்லால் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். பழைய கல்லிலிருந்து எடுத்த படி இது என்ற குறிப்பும் அங்கு உண்டு. பிறர் செய்த தருமத்தின் கணக்கு தம் திருப்பணியால் அழியக் கூடாது என்று அந்த அரசியார் எண்ணியிருக்கிறார்.

ஆகவே, உங்கள் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகப் பேச்சு எழுந்தால், சுவரைத் தொடுமுன் தொல்லியல் துறைக்குத் தெரிவித்து மைப்படி எடுக்கச் சொல்லுங்கள். குளம் தூர்வாரும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ திருமேனி கிடைத்தால், கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ உடனே சொல்லுங்கள். வலம்வரும்போது பேரப்பிள்ளைகளை அதிட்டானத்தின் அருகே சற்று நிறுத்தி, "இங்கே எவ்வளவு எழுத்து பார்" என்று காட்டுங்கள். அவர்களில் ஒருவர் அதைப் படிக்க ஆசைப்பட்டால், தடை சொல்லாமல் ஆசி கூறுங்கள்.

தருமம் செய்தவர்கள் தங்கள் கல்வெட்டின் முடிவில், இந்தத் தருமத்தைக் காப்பவரின் திருவடி தம் தலைமேல் இருக்கட்டும் என்று எழுதிவைப்பது வழக்கம். வசந்தனார் போன்றவர்களின் தருமத்தை மண்ணிலிருந்து மீட்டுத் தருபவர்களும் அந்த வணக்கத்துக்கு உரியவர்களே.