பழைய ஃபிளாட்டை இடித்துக் கட்ட எல்லோரும் சம்மதிக்கணுமா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் 30, 40 வருடப் பழைய அடுக்குமாடிகளை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு அடிக்கடி எழுகிறது. ஒரே ஒருவர் மறுத்தால் எல்லாம் நின்றுவிடுமா?

இனி அப்படி இல்லை. 1994-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ன்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். அதாவது, 12 உரிமையாளர்கள் என்றால் 8 பேர்.

அசோசியேஷன் பைலா வேறு மாதிரி சொன்னால்? சட்டம்தான் மேலே. அதற்குக் கீழேதான் பைலா. பொதுக்குழுத் தீர்மானம் இந்த இரண்டையும் மீற முடியாது. கூட்டம் கூட்டுவது, ஓட்டுப் போடுவது, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் பைலாவில் இருக்கும்.

ஆனால், நிலத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது பைலாவில் இல்லை, கிரயப் பத்திரத்தில் இருக்கிறது. அதுதான் யுடிஎஸ், பிரிக்கப்படாத பங்கு. இரண்டு கிரவுண்டு என்றால் 4,800 சதுர அடி. அதை 12 வீடுகளுக்குச் சமமாகப் பிரித்திருந்தால், ஒரு வீட்டுக்கு 400. பெரிய வீட்டுக்குப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். புதிய கட்டடத்தில் யாருக்கு எவ்வளவு என்ற பேரமே பொதுவாக இதை வைத்துத்தான் நடக்கும்.

பெரும்பான்மை முடிவு செய்வது இடிப்பதா, வேண்டாமா என்பதை மட்டும்தான். ஓட்டில் தோற்றவருக்கும் நிலத்தில் பங்கு அப்படியே இருக்கிறது. பில்டர் நீட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த எண்ணைச் சரிபாருங்கள்.