ஆன்லைன் அட்மிஷன் மேளா: இம்ப்ரெஸ் பண்ண வேண்டியது யார்?

ஞாயிறு காலை 11 மணிக்கு ஜூம் மீட்டிங். பின்னால் புத்தக அலமாரி தெரிகிற மாதிரி லேப்டாப்பை நகர்த்தியாச்சு. குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டு, ‘குட் மார்னிங் மேம்’ ஒத்திகையும் முடிஞ்சாச்சு. பல பள்ளிகள் சேர்ந்து ஆன்லைனில் நடத்தும் அட்மிஷன் மேளாவுக்கு இளம் பெற்றோர் பலர் இப்படித்தான் தயாராகிறார்கள். ‘நம்மளப் பத்தி நல்ல இம்ப்ரெஷன் வரணும்’ என்பதுதான் கவலை. ஆனால், அப்படி எடை போட்டு சீட் கொடுக்கப் பள்ளிக்கு உரிமை இருக்கிறதா?

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 13-வது பிரிவு இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. சேர்க்கையின்போது குழந்தையையோ, பெற்றோரையோ வடிகட்டும் தேர்வு எதுவும் கூடாது. குலுக்கல் போன்ற முறை தவிர, ஒரு குழந்தையைவிட இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கும் எந்த வழியும் வடிகட்டல்தான். மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. டொனேஷன் வாங்கினால் அந்தத் தொகையைப் போல 10 மடங்கு வரை.

சிக்கல் எங்கே என்றால், இந்தச் சட்டம் பேசுவது 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளைப் பற்றி. எல்கேஜி அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. 25 சதவீத ஒதுக்கீட்டுக்கு வெளியே உள்ள நர்சரி இடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் சொன்னது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு முழுச் சட்டமுமே பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘சும்மா ஒரு இன்டராக்‌ஷன்தான் சார்’ என்ற வார்த்தை இந்தச் சந்தில்தான் உயிர் வாழ்கிறது. அப்பா என்ன வேலை, வீட்டில் என்ன மொழி என்று கேட்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

ஆனால், மேளா என்பது அந்த இன்டராக்‌ஷன்கூடக் கிடையாது. அது விற்பனை மேடை. பதிவுப் படிவத்தில் மொபைல் எண்ணைக் கொடுத்த நிமிடமே நீங்கள் அவர்கள் பட்டியலில் ஒரு ‘லீட்’. எதிரில் பேசுபவர் பெரும்பாலும் மார்க்கெட்டிங் அல்லது அட்மிஷன் ஊழியர்; வகுப்பு எடுக்கும் டீச்சர் அல்ல. குழந்தையை ஸ்கிரீன் முன்னால் உட்கார வைக்கவே தேவையில்லை. மூன்றரை வயதுப் பிள்ளை ஜூமில் ரைம்ஸ் சொல்லாததை வைத்து ஒன்றும் தெரிந்துவிடாது. பிறந்த தேதியையும் ஆதார் எண்ணையும் படிவம் கேட்டால், மேளா கட்டத்தில் அது எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

நேரத்தைச் செலவிட வேண்டியது கேள்விகளில். ‘சிபிஎஸ்இ பேட்டர்ன்’, ‘சிபிஎஸ்இ-க்கு அப்ளை பண்ணியிருக்கோம்’ என்பதெல்லாம் இணைப்பு ஆகாது. இணைப்பு எண்ணைக் கேளுங்கள். சிபிஎஸ்இ பள்ளி என்றால் கட்டண விவரம், கட்டடப் பாதுகாப்பு, தீயணைப்புச் சான்று, ஆசிரியர் எண்ணிக்கை, தேர்வு முடிவுகள் ஆகியவற்றைத் தன் இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும் என்பது வாரிய விதி. மேளாவுக்கு முந்தைய இரவு பத்து நிமிடம் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனால், பேச்சின் தரமே மாறிவிடும்.

கட்டணம் தனிக் கதை. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கக் கூடாது. எனவே ‘ஃபீஸ் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘கமிட்டி நிர்ணயிச்சது எவ்வளவு, நீங்க வாங்குறது எவ்வளவு? வேன், புத்தகம், ஸ்மார்ட் கிளாஸ் எல்லாம் தனியா?’ என்று கேளுங்கள். மழுப்பினால் அதுவே ஒரு தகவல். ‘இன்னைக்கே புக் பண்ணா டிஸ்கவுன்ட்’ என்றால், கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சாட் பாக்ஸில் கிடைத்த பதில்கள் மேளா முடிந்ததும் உங்கள் கண்ணில் படாமல் போகலாம். அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதே கேள்விகளைப் பள்ளிக்கு மெயிலிலும் அனுப்புங்கள். பின்னால் டொனேஷன் பேச்சு வந்தால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் புகார் தரும்போது தேவைப்படுவது அந்த மெயில்தான்.