சத்தம் வராத வண்டி நல்ல வண்டியா?

நெடும்பயண மோட்டார்சைக்கிளுக்குப் பராமரிப்பு என்பதே பட்டறைக்காரர்கள் கிளப்பிவிட்ட பூச்சாண்டி என்று முழங்கியிருக்கும் கட்டுரையாளர், முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவது தன் தாத்தாவின் வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டை. நாற்பது வருடம் எதுவுமே செய்யாமல் ஓடியதாம். அந்த வண்டியில் ஒருநாளாவது கை வைத்தவர் இப்படி எழுதத் துணிவாரா? பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி வைக்காவிட்டால் கிக்கருக்கு மசியாத வண்டி அது. எஞ்சின் ஆறியபின் டேப்பட் மூடியைக் கழற்றி, புஷ்ராடு விரலுக்குச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது என்று தடவித் தடவிப் பார்த்து வைத்த தலைமுறை அது. தாத்தா விடியற்காலையில் செய்த வேலையைப் பேரன் எழுந்து வந்து பார்க்கவில்லை என்பது, வேலையே நடக்கவில்லை என்பதற்கு ஆதாரமாகிவிடுமா?

அடுத்த உபதேசம்தான் வண்டியைக் கொல்வது: டேப்பட் சத்தம் கேட்காதவரை எஞ்சினைத் திறக்காதே. வால்வும் அது அமரும் சீட்டும் தேயத் தேய, பல எஞ்சின்களில் டேப்பட் இடைவெளி குறைகிறது. குறையக் குறையச் சத்தமும் அடங்குகிறது. வண்டி வெண்ணெயாக ஓடுகிறது என்று அவர் பூரிக்கும் வேளையில், எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக உட்கார முடியாமல், தன் சூட்டை சீட்டுக்கு இறக்கிவிட வழியில்லாமல், விளிம்பில் கருகிக்கொண்டிருக்கிறது. ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். காதை மட்டும் நம்பும் இவர் எந்த அறிவியலின் பெயரால் பேசுகிறார்?

கார் எண்ணெயையே பைக்குக்கும் ஊற்றலாம், கார் ஓடும் தூரத்துக்கு ஓட்டலாம் என்கிறார். காரில் கியர்பாக்ஸுக்குத் தனி எண்ணெய்; நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஒரே எண்ணெய்தான் பிஸ்டனையும் பார்க்க வேண்டும், கியர் பற்களுக்கிடையே நசுங்கவும் வேண்டும், கிளட்ச் ப்ளேட்டையும் நனைக்க வேண்டும். அதற்காகத்தான் ஜாசோ எம்ஏ2 என்ற தரக்குறி இருக்கிறது. உராய்வைக் குறைக்கும் கலவை சேர்த்த கார் எண்ணெயில் கிளட்ச் வழுக்கும், ப்ளேட் தீயும். அந்தச் செலவு போய்ச் சேர்வது இவர் திட்டித் தீர்க்கும் அதே பட்டறைக்குத்தானே?

ஓ-ரிங் செயினின் கிரீஸ் உள்ளேயே அடைபட்டிருக்கிறது என்று சொன்னது சரி. ஆனால் வெளியே உருளும் ரோலருக்கு அந்த கிரீஸ் எட்டாது. மழையில் துரு பிடிப்பதும் அங்கேதான்.

பிரேக் எண்ணெய் மூடிய டப்பாவில் இருப்பதால் கெடாது என்ற வரியைப் படித்துக் கோபம்தான் வந்தது. டாட் 4 திரவம் குழாய் வழியாகவே காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டியது, ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், பின்னால் ஆளும் பெட்டியுமாக, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும்போது திரவம் கொதித்துக் குமிழி விட்டால் லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டும்; வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது பூச்சாண்டியா?

இத்தனை சிக்கனம் பேசியவர் கடைசிப் பத்தியில் எஞ்சினுக்குள் ஊற்றும் ஊக்க மருந்து பாட்டிலையும் டேங்க்குக்கு செராமிக் பூச்சையும் வாயாரப் பரிந்துரைக்கிறார். எண்ணெய் மாற்றுவது வீண்செலவு, பளபளப்பு மட்டும் அவசியமா? விடையை அவரே போகிறபோக்கில் கொட்டிவிட்டார்: மூன்று வருடத்துக்கு ஒரு வண்டியை விற்றுவிடுவாராம். நீண்ட ஆயுளைப் பற்றி எழுதியவர் எந்த வண்டியின் முதுமையையும் பார்த்ததில்லை. வால்வு கருகும்போது சாவி வேறொருவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயிண்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். விற்பவர் டேப்பட் இடைவெளியைக் கடைசியாக எப்போது அளந்தார், பிரேக் எண்ணெயை எப்போது மாற்றினார் என்று கேளுங்கள், ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்த வண்டியை வாங்காதீர்கள்.