சாயத்தை வெளுக்கும் வெயில்

குவைத்தின் தென்கரையில், அகமதி மாகாணத்தைச் சேர்ந்த மங்காஃபில், மொட்டைமாடிக் கொடியில் நாள்தோறும் காயும் பருத்திச் சட்டை தோள்பட்டையில் வெளிறி, காலர் மடிப்பின் உட்புறத்தில் மட்டும் பழைய நிறம் மாறாமலிருப்பது, வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் சாய மூலக்கூறுகளைச் சிதைப்பதற்குக் கண்கூடான சான்று. துணியில் மெல்ல நிகழும் இந்தச் சிதைவைச் சாயக்கழிவு நீரில் விரைவாக நிகழ்த்துவதற்கென ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்தப்படும் பொருள்களுள் ஒன்று துத்தநாக ஆக்சைடு.

கலமைன் லோஷனில் முதன்மைச் சேர்மானமாகவும், சித்த மருத்துவத்தின் நாகபற்பத்திலும் இடம்பெறும் இந்த வெண்ணிறப் பொடி ஒரு குறைகடத்தி. புறஊதாக் கதிர் பட்டவுடன் இதன் எலெக்ட்ரான் ஒன்று மேல்மட்டத்துக்குத் தாவ, அது விட்டுச்சென்ற வெற்றிடமாகிய 'துளை' நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சில் என்னும் தீவிரத் துகளை உண்டாக்குகிறது. அத்துகளே சாய மூலக்கூறைத் தாக்கிப் படிப்படியாக உடைக்கிறது. வினையைத் தூண்டிவிட்டுத் தான் பெரிதும் செலவாகாமல் நிற்பதால் இப்பொருள் ஒளிவினையூக்கி எனப்படுகிறது.

வினை மேற்பரப்பில்தான் நிகழும் என்பதால் துகளின் அளவு முக்கியமாகிறது. 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. மட்டுமே, அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாகத் துண்டாக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டராக, அதாவது இரண்டரை கிரவுண்டுக்கும் அதிகமாக விரிந்துவிடும். இதனாலேயே ஆய்வாளர்கள் துத்தநாக ஆக்சைடை நுண்கம்பிகளாகவும் பூவிதழ் வடிவங்களாகவும் வளர்க்கின்றனர்.

ஆயினும் ஆய்வுக்கூடத்தில் மெத்திலீன் நீலம் என்னும் சாயம் கரைந்த கண்ணாடிக் குடுவை வேறு, திருப்பூர்ச் சாயப்பட்டறையின் கழிவுத்தொட்டி வேறு. பருத்தியில் சாயம் ஏறுவதற்காகக் கொட்டப்படும் உப்பும் சோடாவும் கழிவோடு கலந்து வருகையில், உப்பின் குளோரைடு அயனிகள் ஹைட்ராக்சில் துகள்களை விழுங்கிவிடுகின்றன. அடர்நிற நீர் ஒளியை உள்ளே விடுவதில்லை. தரையை எட்டும் வெயிலில் புறஊதாக் கதிரின் பங்கோ சுமார் 5 விழுக்காடுதான். அமிலத்திலும் கடுங்காரத்திலும் துத்தநாக ஆக்சைடு கரையும் என்பதாலும், கரைந்த துத்தநாகம் மீன்களுக்கு நஞ்சு என்பதாலும், பொடியை நீரில் தூவாமல் கண்ணாடியிலோ மணிகளிலோ படியவைத்துப் பயன்படுத்துவதே தக்கது.

இவற்றினும் கவனத்துக்குரியது, நிறம் மறைவதும் நஞ்சு நீங்குவதும் ஒன்றல்ல என்பது. பாதி உடைந்த அசோ சாயங்களிலிருந்து பிறக்கக்கூடிய அரோமாட்டிக் அமீன்களில் சில புற்றுநோய் விளைவிப்பவை. அவை கண்ணுக்குத் தெரியமாட்டா. ஆகவே எத்தனை நிமிடத்தில் நீர் தெளிந்தது என்பதோடு, அதில் எஞ்சிய கரிமத்தின் அளவும் சொல்லப்பட்டால்தான் ஓர் ஆய்வு முழுமை பெறும்.

நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதையும் தமிழ்நாடு மறக்கலாகாது. வெயில் எத்தனை வலிதாயினும் சாயக்கழிவிலுள்ள உப்பைச் சிதைக்காது. உப்பைப் பிரிக்க வடிசவ்வும் ஆவியாக்கும் கலனும் வேண்டும். ஆறே இல்லாததால் கடல்நீரின் உப்பை நீக்கிக் குடிக்கும் குவைத்தில் வாழும் தமிழர்களுக்கு, நீரிலிருந்து உப்பைப் பிரிப்பதன் விலை விளக்காமலே புரியும். துத்தநாக ஆக்சைடு சாயத்தை உடைக்கட்டும், அது அரிய உதவியே. ஆனால் அணைக்குக் கீழேயுள்ள உழவர் கேட்பது நீரின் நிறத்தையன்று, அதை மாடு குடிக்குமா, பயிர் தாங்குமா என்பதையே.