தற்செயலா? தெய்வச் செயலா?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எல்லோரும் அறிவோம். காக்கை உட்கார்ந்தது உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. ஆனால், காக்கை உட்கார்ந்ததால்தான் பழம் விழுந்ததா? இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்கும் நாம், நம்முடைய வாழ்க்கை என்று வரும்போது மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.

தேர்வுக்கு முந்தின இரவு படித்த கேள்வி மறுநாள் வினாத்தாளில் அப்படியே வருகிறது. கண்களை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்தால், அன்றைய கவலைக்கென்றே எழுதியதுபோல ஒரு வசனம் கண்ணில் படுகிறது. யாரை நினைத்துக்கொண்டு நடக்கிறோமோ, அவரே எதிரில் வருகிறார். உடனே, “இது கடவுள் எனக்குக் காட்டிய அடையாளம்!” என்கிறோம். அது சரிதானா?

சென்ற கிறிஸ்துமஸ் வரையில் எனக்கு இதில் ஐயமே இருந்ததில்லை. அதற்குக் காரணம் எங்கள் வீட்டில் வழங்கிவரும் ஒரு கதை.

எங்கள் வீடு ஆவடியில் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு, நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெருவிலிருந்து இரண்டு குடும்பங்கள் வேளாங்கண்ணிக்குப் போக ஏற்பாடு செய்திருந்தன. ஒன்று எங்கள் குடும்பம், மற்றொன்று எதிர்வீட்டுக் குடும்பம். டிசம்பர் 25 இரவு கோயம்பேட்டில் பேருந்து ஏறினால், விடிந்ததும் கடலில் குளித்துவிட்டு ஞாயிறு பூசை காணலாம் என்பது திட்டம். ஆனால் அன்று மாலை, அப்போது பள்ளிச் சிறுமியாயிருந்த என் அத்தைக்குக் கடுமையான காய்ச்சல் வந்துவிட்டது. எங்கள் வீட்டார் பயணத்தை நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டார் மட்டும் புறப்பட்டுப் போனார்கள்.

மறுநாள் என்ன நடந்தது என்பதை உலகமே அறியும். டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் சுமத்ரா தீவின் அருகே கடலுக்கடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. மூன்று மணி நேரத்துக்குள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் அலையில் போனார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மாவின் ஒன்பது வயது மகனும் அவர்களில் ஒருவன்.

எங்கள் ஆயா ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் இந்தக் கதையைச் சொல்லுவார். “மாதாதான் அந்தக் காய்ச்சலை அனுப்பி நம்ம குடும்பத்தைக் காப்பாத்தினாங்க” என்று முடிப்பார். நாங்கள் எல்லோரும் சிலுவை போட்டுக்கொள்வோம்.

சென்ற ஆண்டு அத்தையின் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஆயா சொல்லுவதைப் போலவே நான் அவர்களுக்குக் கதை சொன்னேன். “மாதா அனுப்பின காய்ச்சல்!” என்று உரக்க முடித்தபோது, வாசலில் எதிர்வீட்டுப் பெரியம்மா பலகாரத் தட்டுடன் நின்றுகொண்டிருந்தார். அவர் கோபிக்கவில்லை. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, “என் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் அனுப்ப மாதாவுக்கு மனசு வரலையா பாப்பா?” என்று கேட்டார். பிறகு போய்விட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொன்னது விசுவாசம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த விசுவாசத்துக்கு ஒரு தாயின் முன்னால் நிற்க முடியவில்லையே!

தோழியரே, ஒரு தற்செயலை “எனக்காகக் கடவுள் செய்தது” என்று சொல்லும்போது, அது நடக்காமல் போனவரைப் பற்றியும் நாம் ஏதோ சொல்லிவிடுகிறோம். நான் காப்பாற்றப்பட்டது கடவுளின் அன்புக்கு அடையாளம் என்றால், காப்பாற்றப்படாதவர் எதற்கு அடையாளம்? நமக்கு அந்த எண்ணம் இல்லாவிட்டாலும், கேட்பவருக்கு அது குத்தத்தானே செய்யும்?

வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் கடல்நீர் புகவில்லை. இதை அன்னையின் அற்புதம் என்று பலர் சொல்கிறார்கள். கோயில் கடற்கரையைவிடச் சற்று மேடான இடத்தில் இருப்பதே காரணம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நம் சென்னைச் சாந்தோமிலும் இதே பேச்சு உண்டு. புனித தோமையார் நட்டதாகச் சொல்லப்படும் கம்பத்தைத் தாண்டிக் கடல் வராது என்பது அங்கே வழங்கும் மரபு. அன்று சாந்தோம் பேராலயத்துக்குள்ளும் நீர் நுழையவில்லை. ஆனால் அதே கரையில் இருந்த மீனவக் குப்பங்களுக்குள் கடல் புகுந்தது. அங்கே இருந்தவர்களும் தோமையாரின் பிள்ளைகள்தாம் அல்லவா? திருச்செந்தூர்க் கோயிலைக் கடல் தொடவில்லை என்று முருக பக்தர்களும் நன்றியோடு சொல்கிறார்கள். இவர்கள் சொல்வது மெய், அவர்கள் சொல்வது பொய் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? கரையில் பிழைத்து நின்ற ஒவ்வொருவரும் கைகூப்பினார்கள். அது இயல்பு. அந்த நன்றியைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் நன்றி வேறு, கணக்குப் போடுவது வேறு.

நம் ஆண்டவரிடமும் இதே கேள்வி வந்தது. சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டதை அவரே எடுத்துச் சொல்லி, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றெல்லாரையும்விடப் பாவிகள் என்று எண்ண வேண்டாம் என்கிறார். லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. பிறவிக் குருடனைக் கண்டு, “யார் செய்த பாவம்?” என்று சீடர்கள் கேட்டபோதும் அவர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. கோயில் உச்சியிலிருந்து குதித்தால் தூதர்கள் தாங்குவார்கள் என்று அலகை ஆசை காட்டியபோது, கடவுளைச் சோதிக்கலாகாது என்று மறுத்துவிட்டார். அடையாளம் காட்டும்படி கேட்டவர்களிடம் அவர் மகிழ்ச்சி அடைந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

இனி, நம் மனம் செய்யும் வேலையையும் பார்ப்போம். எங்கள் வகுப்பில் 45 பேர். அவர்களில் இருவருக்கு ஒரே நாளில் பிறந்தநாள். அது மாதாவின் ஏற்பாடு என்று அவர்கள் இருவரும் உயிர்த்தோழிகள் ஆனார்கள். எங்கள் கணித ஆசிரியை சிரித்துவிட்டு, 23 பேர் கூடியிருந்தாலே அவர்களில் யாரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் வருவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்றும், 45 பேர் என்றால் நூற்றுக்கு 94 பங்கு வாய்ப்பு என்றும் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். அபூர்வம் என்று நாம் நினைப்பவற்றில் பல அபூர்வமே அல்ல. படித்த கேள்வி வந்த நாளை நினைவில் வைத்துக்கொள்கிறோம். படித்தும் வராத நாட்களை எண்ணுவதே இல்லை. வேதாகமத்தைத் திறந்து பொருந்தாத பக்கம் வந்தால், அதை மூடிவிட்டு மறுபடியும் திறக்கிறோமே, அந்த முதல் பக்கம் கணக்கில் சேராதா?

2015-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் பெருமழை பெய்து, செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு, சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது நான் சிறு குழந்தை. வெள்ளம் எந்த வீட்டுக்குள் நுழைந்தது? பள்ளத்தில் இருந்த வீட்டுக்குள் நுழைந்தது. யார் வீட்டில் செபமாலை சொன்னார்கள் என்று அது பார்க்கவில்லை. கதிரவனின் ஒளியையும் மழையையும் நல்லவர், தீயவர் என்று பாராமல் தருகிறார் வானகத் தந்தை என்று ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்ததும் இதைத்தானே?

அப்படியானால் கடவுள் நம் வாழ்வில் எதுவுமே பேசுவதில்லையா? அப்படிச் சொல்லவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. திருச்சபையும் அப்படிக் கற்பிக்கவில்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், படைப்பு முழுவதும் தேவ பராமரிப்பில் இருக்கிறது என்று கூறுகிறது. அதே நூல், முதற்கட்டளையை விளக்கும் இடத்தில், குறிபார்ப்பதையும் மூடநம்பிக்கையையும் கண்டிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கடவுள் எல்லாவற்றிலும் இருக்கிறார் என்று நம்பலாம். ஒவ்வொன்றிலும் அவர் எனக்கு மட்டும் இரகசியச் சீட்டு அனுப்புகிறார் என்று நினைப்பது வேறு விஷயம்.

இங்கே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் வாழ்வு எனக்கு வழிகாட்டுகிறது. பாத்திமா அன்னை மூன்று சிறுவர்களுக்கு முதன்முதலில் காட்சி தந்தது 1917 மே 13 அன்று. திருத்தந்தை வத்திக்கானில் சுடப்பட்டதோ 1981 மே 13 அன்று. தாம் உயிர் பிழைத்தது அன்னையின் அருளே என்று அவர் உறுதியாக நம்பினார். மறு ஆண்டு அதே நாளில் பாத்திமாவுக்கே சென்று நன்றி கூறினார். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. சுடப்பட்ட நான்காம் நாளே மருத்துவமனையிலிருந்து, தம்மைச் சுட்டவனை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். 1983 டிசம்பர் 27 அன்று சிறைக்கே சென்று அவன் அருகில் அமர்ந்து பேசினார். மே 13 என்ற தேதி ஒத்துப்போனது தற்செயல் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அந்த மன்னிப்பைத் தற்செயல் என்று யாராலும் சொல்ல முடியாது. கடவுளின் அடையாளம் எது என்று என்னைக் கேட்டால், நான் அந்தச் சிறைச்சாலை அறையைத்தான் காட்டுவேன்.

நல்ல சமாரியன் உவமையை மீண்டும் எடுத்துப் படித்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனின் வழியே முதலில் வந்த குரு, தற்செயலாக வந்தார் என்றே ஆண்டவர் சொல்கிறார். இத்தனை நாளாக இந்தச் சொல்லை நான் கவனித்ததே இல்லை. குருவும் வந்தார், லேவியனும் வந்தார், சமாரியனும் வந்தார். மூவரும் போனது அதே வழி. மூவர் கண்ணிலும் பட்டது அதே மனிதன். முதல் இருவருக்கு அது வெறும் தற்செயலாகவே முடிந்தது. சமாரியன் நின்றான், இரங்கினான், காயம் கட்டினான். அவன் நின்றதால் அந்தத் தற்செயல் தெய்வச் செயல் ஆயிற்று.

எனக்குப் புரிந்தது இதுதான்: ஒரு நிகழ்ச்சி கடவுளின் அடையாளமா என்று அறிய, அது எவ்வளவு அதிசயம் என்று பார்த்துப் பயனில்லை. அது என்னை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே நாளில் பிறந்த என் வகுப்புத் தோழிகள் இருவரில் ஒருத்தி மஞ்சள்காமாலையில் படுத்தபோது, மற்றவள் ஒரு மாதப் பாடத்தை இரண்டு நோட்டுகளில் எழுதினாள். கணக்கு எதையும் சொல்லட்டும். அந்த இரண்டாவது நோட்டு எனக்குப் போதும்.

இவ்வளவும் யோசித்த பிறகு நான் ஆயாவிடம் பேசினேன். முதலில் அவருக்கு வருத்தம். “நான் மாதாவுக்கு நன்றி சொல்லக்கூடாதா?” என்று கேட்டார். “சொல்லுங்க ஆயா. ஆனா அவங்க பிள்ளையையும் சேர்த்துச் சொல்லுங்க” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோதின் வாளுக்கு இரையான பெத்லகேம் குழந்தைகளை அன்று நினைவுகூர்கிறோம். சூசையப்பருக்குக் கனவில் எச்சரிக்கை வந்தது. குழந்தை இயேசு தப்பினார். மற்ற வீடுகளில் அந்தக் கனவு வரவில்லை. அதனால் அந்தக் குழந்தைகள் கடவுளால் கைவிடப்பட்டவர்கள் என்று திருச்சபை சொல்லியதா? இல்லை. அவர்களைப் புனிதர்களாக அல்லவா போற்றுகிறது!

அன்று காலைப் பூசையில், ஆயா கொடுத்த கருத்தின்படி, எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மகனுடைய பெயரைப் பங்குத்தந்தை வாசித்தார். பெரியம்மாவும் ஆயாவும் நானும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போதும் ஆயா கதை சொல்லுகிறார். முடிவு மட்டும் மாறியிருக்கிறது. “அன்னைக்கு நாங்க போகல, பிழைச்சோம். அவங்க போனாங்க, பிள்ளையைப் பறிகொடுத்தாங்க. ஏன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். நாம அவங்களைத் தனியா விடக்கூடாது” என்கிறார்.

தோழியரே, நாளை பொதுத்தேர்வில் நாம் படித்த கேள்வியே வந்தால் கடவுளுக்கு நன்றி சொல்லுவோம். அதே வேளையில், அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் பக்கத்து மேசையில் கலங்கியிருந்தவளைத் தேர்வு முடிந்ததும் தேடிப் போவோம். அடையாளம் வேண்டும் என்று வானத்தைப் பார்த்து நிற்பதை விட்டு, பிறருக்கு நாமே அடையாளமாக வாழ முயல்வோமாக!