அடுத்த ஆசானின் மாணவனோடும் மோதட்டும்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர் என்றதும் ஏனாதிநாத நாயனார் நினைவுக்கு வரலாம். பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். நாயனாரின் எயினனூர் கும்பகோணம் பக்கம். அவர் வாள்வித்தை ஆசான். எதிரி அதிசூரனும் அதே தொழில்காரன். படை திரட்டி மோதித் தோற்றவன், மறுநாள் தனியிடத்துக்கு அழைத்தான். திருநீறு பூசிய நெற்றியைக் கேடயத்தால் மறைத்து வந்து, நெருங்கியதும் விலக்கினான். நாயனாரின் வாள் நின்றுவிட்டது. வஞ்சனைதான். ஆனால் வாளை விட்டுவிட்டு ஆளைப் படித்தவன் அவன்.

அந்தப் படிப்பு இன்றைய சிலம்பக் கூடங்களில் குறைவு. ஒரே ஆசானின் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்கிறார்கள். அடுத்த அடி எங்கே விழும் என்பது இருவருக்கும் மனப்பாடம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது நல்ல செய்தி. வேற்றுப் பாணியோடு மோதிப் பார்ப்பது எப்போது?

மேலை வாள்வீச்சின் சேபர் ஆட்டக்காரர் நேர்கோட்டில் பாய்ந்தே பழகியவர். அவரை அதே கோட்டில் எதிர்கொள்வது அவர் ஆட்டத்தை ஆடுவதாகும். சிலம்பக்காரருக்குக் காலடி இருக்கிறது. பக்கவாட்டில் ஓரடி எடுத்தால் எதிராளி திரும்பி நிற்க வேண்டியிருக்கும். சுருள்வாள் என்றால் கணக்கே வேறு. தடுத்த இடத்தில் தகடு வளைந்து, நுனி உள்ளே வரும். வீச்சுக்கு எட்டாமல் நின்று, அது கடந்ததும் நுழைய வேண்டும். எந்தப் பாணியானாலும் தொடக்கத்தில் புள்ளிக்குப் பறக்காமல் ஒரு பொய்வீச்சு வீசிப் பார்க்கலாம்: தடுக்கிறாரா, விலகுகிறாரா, திருப்பி அடிக்கிறாரா?

வெளியே போய் மோதியவர்களும் உண்டு. மூங்கில் குச்சியில் தொடங்கிய சென்னைச் சேபர் வீராங்கனை பவானி தேவி, இத்தாலியின் லிவோர்னோ வரை போய்ப் பயின்றார். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரான்சின் மனோன் புரூனேவிடம் 7-15 என்று தோற்றார். 2023-இல் வூசி நகரில் நடந்த ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப்பில், ஜப்பானின் உலக சாம்பியன் மிசாகி எமுராவை 15-10 என்று வென்று வெண்கலம் வாங்கினார்.

வித்தை வெளியே போய்விடும் என்று ஆசான்கள் தயங்கலாம். தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குச் சின்ன மருது கற்றுக்கொடுத்ததாக எழுதிய ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1801-இல் அவருக்கு எதிரான படையிலேயே வந்தார். இன்று வரப்போகிறவரோ முகக்கவசம் போட்ட பள்ளிப் பிள்ளை. மாதத்தில் ஒரு ஞாயிறு, பாதி ஆட்டம் கூடத்தின் விதிப்படி, மீதி வந்தவர் விதிப்படி. காஞ்சிபுரத்துக் கூடங்களே தொடங்கி வைக்கலாம்.