ஒல்லியாக இருந்தால் பிரஷர் வராதா?

"அவன் உடம்புக்கு பி.பி.யா? ஊசி மாதிரி இருக்கிறான்!" இப்படிச் சொல்லியே எத்தனையோ இளைஞர்களைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விட்டுவிடுகிறோம். எடை ஏறினால் ரத்த அழுத்தமும் ஏறும் என்பது உண்மை. ஒரு கிலோ குறைத்தால் சராசரியாக 1 மி.மீ. அளவுக்கு அழுத்தம் இறங்குகிறது. ஆனால் எடை இல்லாதவருக்கு ஆபத்தும் இல்லை என்று அதைத் திருப்பிச் சொல்வது தவறு.

முதலில், எடையும் உயரமும் கொண்டு கணக்கிடும் பி.எம்.ஐ. எதைச் சொல்கிறது? உடம்பில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அது சொல்வதே இல்லை. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் படங்களையே அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்த வேறுபாடு பிறப்பிலேயே தொடங்குகிறது என்பதையும் யாஜ்னிக்கின் குழு புனேக்கு அருகிலுள்ள கிராமங்களில் கண்டது. அங்கே குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவில் பிறந்தன. இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. இந்தியக் குழந்தைகளிடம் குறைந்திருந்தது பெரும்பாலும் தசைதான். கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை.

கை கால் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் முன்தள்ளிய 25 வயதுக்காரர்களை நாம் தினமும் பார்க்கிறோம். குடலைச் சுற்றிப் படியும் அந்தக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. சிறுநீரகத்தை அழுத்துகிறது, உப்பை உடம்பிலேயே தங்க வைக்கிறது, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் நரம்புகளைத் தூண்டுகிறது. அதனால்தான் நம்மவர்களுக்கு எடையைவிட இடுப்புச் சுற்றளவு முக்கியம்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

வயிறும் ஒட்டியிருக்கிறதே என்பார்கள். அப்படிப்பட்ட இளம் வயதுக்காரருக்கு அழுத்தம் ஏறினால் இன்னும் கவனமாகத் தேட வேண்டும். சிறுநீரக நோய், சிறுநீரகத்துக்குப் போகும் தமனியில் அடைப்பு, பெருந்தமனியில் பிறவிச் சுருக்கம், அட்ரினல் சுரப்பிக் கோளாறு என்று காரணங்கள் பல. இளம்பெண்களை அதிகம் தாக்கும் தகயாசு தமனி அழற்சியும் அவற்றில் ஒன்று. இவற்றில் சில, கண்டுபிடித்தால் சரிசெய்யக் கூடியவை. ஒல்லியான பெண் என்பதற்காக அவள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையே கட்டாமல் அனுப்புவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஜிம்முக்குப் போகிறவர் விஷயம் வேறு. தசையால் எடை கூடியவரைக் குண்டானவர் என்று பயமுறுத்தத் தேவையில்லை. பருத்த புஜத்தில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு பொய்யாகவே ஏறிக் காட்டும். பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள். ஆனால் தசைக்காக ஸ்டீராய்டு போடுகிறவருக்கு ஏறும் அழுத்தம் பொய்யல்ல.

கடைசியாக, "சின்ன வயசுதானே, இப்போது என்ன?" என்ற பேச்சு. அமெரிக்காவின் நான்கு நகரங்களில் 18 முதல் 30 வயது வரையிலான 5,115 பேரை 1985–86இல் சேர்த்து, அன்றிலிருந்து கார்டியா ஆய்வு தொடர்ந்து பார்த்து வருகிறது. 40 வயதுக்கு முன்பே அழுத்தம் ஏறியவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததை 2018இல் அது காட்டியது. அந்த ஏற்றத்துக்குப் பெரும்பாலும் தலைவலியோ மயக்கமோ கிடையாது. அளந்து பார்க்காமல் தெரியாது.

ஆகவே 18 வயதைத் தாண்டிய பிள்ளையைக் காய்ச்சலுக்கென்று டாக்டரிடம் கூட்டிப் போனாலும், காய்ச்சல் இறங்கியபின் ஒருமுறை பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, டீ, சிகரெட் வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமைதியாக உட்காரட்டும். 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் வேறொரு நாளும் அளக்க வேண்டும், பிள்ளை எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும்.